ரொட்டி மேசைக் கிட்டார்

மாமி என்னிடம் நேருக்கு நேராகப் பேசிய முதல் பேச்சு ஒரு கேள்வி. அவர் அதைக் கேட்ட நேரத்தில் கரண்ட் என் விரல் வழியாக ஏறி உள்ளங்கால் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை. ஆனால் நான் பதில் சொல்லிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பதிலைத் திரும்ப வாங்க நான் பட்ட பாடுதான் இது.

ஒழுங்காகச் சொல்வதென்றால் மேசையிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கணவர் பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஓர் உணவகத்தில் ரொட்டி போடுகிறவர். மாவை எண்ணெய் தொட்டு அடித்து, வீசி, மெல்லிசாக்கி மடிக்கிற வேலை. அதற்கென்றே அங்கே ஒரு மர மேசை இருந்தது. பலகை நாலு விரல் தடிமன் இருக்கும். சுகாதாரப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மரத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள் என்று முதலாளி ஒரு ஸ்டீல் மேசையை வாங்கிப் போட்டார். பழையது நடைபாதைக்கு வந்தது. இவர் கூட வேலை செய்கிற ஒருவரைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு அதை எங்கள் வீடிருக்கிற மார்க்ஸ் டோர்மோய் வரைக்கும் தெருவோடு சுமந்து வந்துவிட்டார். நான் அலுவலகம் முடிந்து வரும்போது எங்கள் கட்டட வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது.

“என்னங்க இது? எந்தக் குப்பையிலேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க?”

“குப்பை இல்லையப்பா. இதுக்குள்ளை ஒரு கிட்டார் கிடக்கு” என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கு முன்பே ஓல்னே-சூ-புவாவில் இடித்த வீடொன்றின் கதவில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்திருந்தார். உடைந்த கட்டிலின் தலைப்பலகையில் இன்னொன்று. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு காவ் உண்டு. சைக்கிளும் பழைய பெட்டியும் போட்டுவைக்கிற நிலவறை. எங்கள் காவில் சைக்கிள் இல்லை. வாள், அரம், ஆணி டப்பாக்கள், தெருவில் பொறுக்கிய உடைந்த கிட்டார்களின் கழுத்துகள், இவைதான். தூக்கி எறிந்த பழைய டெலிபோன்களுக்குள் மணியடிப்பதற்கென்று ஒரு சுருள் இருக்கும். அதில் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பி. அதைப் பிரித்து, என் தையல் மெஷினில் நூல் சுற்றுகிற இடத்தில் மாட்டி, காந்தத்தின் மேல் திரும்பச் சுற்றுவார். கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அந்தச் சுருள்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் கேஸ் அடுப்பிலிருந்து கழற்றியவை. கம்பிகள் அமர்கிற பாலம் ஒரு கதவுக் கீல்.

ரொட்டி மேசையில் ஒரு சங்கடம். எத்தனையோ வருடத்து எண்ணெய் அந்த மரத்துக்குள் இறங்கியிருந்தது. பசை ஒட்டவில்லை, வார்னிஷ் காயவில்லை. பலகையின் மேல் செய்தித்தாளை விரித்து அயர்ன் பெட்டியால் தேய்த்து எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். என்னுடைய அயர்ன் பெட்டி. அடுத்த நாள் என் வெள்ளைச் சட்டையில் ரொட்டி மணத்தது. அதோடு மெட்ரோவில் ஏறி வேலைக்குப் போனேன். அன்று அவரிடம் நான் பேசிய பேச்சை எழுத முடியாது.

ஆனால் அது நல்ல கிட்டார். அதை நான் மறைக்கக் கூடாது. கையில் எடுத்தால் கனம், கம்பியைத் தட்டினால் நாதம் போய்க்கொண்டே இருக்கும். நான் பாண்டிச்சேரிக் குடும்பம், கிறிஸ்தவள். சிறு வயதிலிருந்து கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவள். விலைக்கு வாங்கிய எந்தக் கிட்டாரிலும் எனக்கு அப்படிக் கை பதிந்ததில்லை.

இனி மாமி. என் கணவரின் தாயார். பாண்டிச்சேரியில் நாங்கள் அத்தை என்போம். இவர் வீட்டில் மாமி என்பதால் எனக்கும் மாமி. போர் முடிந்து, முகாமில் கிடந்து, பிறகு மூத்த மகன் எடுத்த முயற்சியில் பிரான்சுக்கு வந்தவர். புறநகர் எபினே-சூர்-செய்னில் அந்த மூத்தவர் வீட்டில் இருந்தார். அவருக்கு மூன்று ஆண்மக்கள். மூத்தவர், என் கணவர், கடைசியாக ஒருவன். அந்தக் கடைசி மகன் 2009இல், போரின் இறுதி நாட்களில், கூட்டத்துக்குள் மாமியின் கையை விட்டுப் பிரிந்தவன். அதன் பிறகு ஒரு தகவலும் கிடையாது.

மாமிக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவன் இருக்கிறானா இல்லையா. அதை அவர் கேட்காத ஆள் இல்லை. சாதகம் பார்க்கிற சாத்திரிமார் ஏதோ ஒரு சிறையில் உயிரோடு இருக்கிறான் என்றார்கள். மூத்தவர், “அவன் முடிஞ்சான். இனி இந்த வீட்டிலை அந்தக் கதை வேண்டாம்” என்று அடித்துச் சொல்லிவிட்டார். என் கணவரோ ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும், “வருவான் அம்மா, கட்டாயம் வருவான்” என்பார். சொல்லிவிட்டு போனை வைத்ததும் காவுக்கு இறங்கிப் போய் எதையாவது அறுத்துக்கொண்டிருப்பார்.

என்னிடம் மட்டும் மாமி கேட்டதில்லை. என்னிடம் அவர் எதையுமே கேட்டதில்லை. நான் எதிரில் நிற்கும்போதே மகனைப் பார்த்து, “அவவிட்டைச் சொல்லு, கறிக்கு உப்புக் காணாது எண்டு” என்பார். நான் பாண்டிச்சேரி, வேதக்காரி, பேச்சும் வேறு. முதலில் வலித்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு நானும் அவர் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டேனே தவிர, அவர் வருகிற நாளில் கறிக்கு உப்பை இரண்டு தடவை பார்ப்பதை நான் விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தேர் வந்தது.

கோடை முடிகிற நேரத்தில் லா ஷப்பலில் பிள்ளையாருக்குத் தேர் இழுப்பார்கள். கடைகள் வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் சர்பத்தும் கொடுப்பார்கள். தெருவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். தேங்காய்களைக் குவியலாகக் குவித்து, தேர் நெருங்க நெருங்க உடைப்பார்கள். அந்த வருடம் முதலாளிக்கு ஓர் ஆசை, தன் பந்தலில் புதுமையாக ஏதாவது வேண்டும் என்று. “உன்ரை மேசைக் கிட்டாரைக் கொண்டு வா. மனிசியை ரெண்டு பக்திப் பாட்டு வாசிக்கச் சொல்லு” என்றார்.

மூத்தவருக்கு இது பிடிக்கவில்லை. தேருக்கு முன்னால் கிட்டாரா என்றார். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்பதை என் கணவர் எனக்குச் சொல்லவில்லை, சொல்லாததிலிருந்தே தெரிந்துகொண்டேன். அதனாலேயே நான் ஒத்துக்கொண்டேன். மாமி வருவார் என்பதாலும்தான். ஒரு மாதம் முழுக்க அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசித்துப் பழகினேன். ஒரு சுரம் பிசகினாலும் அது கிட்டாரின் பிசகாக இருக்காது, என் பிசகாக இருக்கும்.

கிட்டாருக்கு ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் வேண்டும். சந்தையில் தூக்கிப் போட்டிருந்த பழைய வால்வு ரேடியோ ஒன்றை என் கணவர் ஆம்பாக மாற்றி வைத்திருந்தார். வால்வுகள் செம்மஞ்சளாக எரியும், ஒலி கனிந்து வரும். அந்த ரேடியோவைப் பற்றி இப்போது எனக்குத் தெரிவது இது. பழைய ரேடியோக்களில் ஒரு வகையில், உள்ளே இருக்கிற இரும்புத் தகடு சுவரிலிருந்து வருகிற இரண்டு கரண்ட் வயரில் ஒன்றோடு நேரே சேர்ந்திருக்கும். பிளக்குக்கு இரண்டு கால்தான். எந்தப் பக்கமாகவும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் தகட்டில் ஒன்றும் இல்லை. மறுபக்கம் செருகினால் தகடு முழுக்கக் கரண்ட். ரேடியோவாக இருந்தவரைக்கும் தகட்டை மரப்பெட்டி மூடியிருந்தது, ஒருவரும் தொடவில்லை. கிட்டாரில் அப்படி இல்லை. இரைச்சல் அடங்குவதற்காக, கம்பிகளை ஒரு சிறு வயரால் அந்தத் தகட்டோடுதான் இணைப்பார்கள். கம்பியைத் தொட்டால் தகட்டைத் தொட்ட மாதிரி.

இவருக்கு இது ஏன் தெரியவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் ஆஸ்பத்திரியில் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. இவர் கையால் தடவித் தடவிக் கற்றுக்கொண்டவர். காவுக்கு எப்போதும் சமையலறையில் போடுகிற தடித்த ரப்பர்ச் சப்பாத்தோடுதான் இறங்குவார். நான் போனால் அலுவலகச் சப்பாத்து. ஒருநாளும் அடிக்கவில்லை. அடிக்காததால் சரியாக இருக்கிறது என்று இருந்துவிட்டார்.

தேரன்று காலையில் உணவக வாசலில் ஒரு கம்பளம் விரித்து, ஆம்பை வைத்து, உள்ளே சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில் பிளக் செருகுகிற பழைய ப்ரீஸிலிருந்து நீட்டு வயர் இழுத்து, இவரே வாசித்துப் பார்த்தார். ரப்பர்ச் சப்பாத்தோடு. எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு ரொட்டிக்கு ஆள் போதவில்லை என்று உள்ளே போய்விட்டார். இடையில் சர்பத் அடிக்கிற மிக்சிக்கு ப்ரீஸ் தேவைப்பட்டு யாரோ எங்கள் வயரைப் பிடுங்கி, வேலை முடிந்ததும் பொறுப்பாகத் திரும்பச் செருகியிருக்கிறார். மறுபக்கமாக.

எபினேயிலிருந்து மூத்தவர் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாமி பந்தலுக்குள் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். மூத்தவர் அதைக் கவனித்துவிட்டு, நான் கேட்கும்படியாக முதலாளியிடம், “வாசிக்கிறது சரி. சாமிக்கு முன்னாலை செருப்போடையோ?” என்றார்.

எங்கள் கோயிலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வாசிப்போம். அது மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அன்று தெரு முழுக்க எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். எனக்கு முகம் சுட்டது. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். ஒரு குறையும் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, பந்தல் தண்ணீரில் காலையும் கழுவிக்கொண்டேன்.

முதல் பாட்டு வாசிக்கும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. பதற்றம் என்று நினைத்தேன். கம்பளம் தடிப்பு, அடியில் அதுவரை காய்ந்திருந்தது. சனம் நின்று கேட்டது. ஒரு பிரெஞ்சுக் கிழவர் தாளம் போட்டார். மாமி தலையைக் குனிந்துகொண்டிருந்தார், ஆனால் எழுந்து போகவில்லை. அதுவே எனக்குப் பெரிது.

இரண்டாம் பாட்டின் நடுவில் பக்கத்துக் கடையில் தேங்காய் உடைக்கத் தொடங்கினார்கள். தவில் சத்தம் கிட்ட வந்தது. உடைத்த தேங்காயின் தண்ணீர் சரிவில் ஓடி வந்து எங்கள் கம்பளத்துக்குள் புகுந்தது. முதலில் குதிகால் குளிர்ந்தது, பிறகு பாதம் முழுக்க. ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு இப்போது கடித்தது. விரலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. வாசிப்பை நிறுத்தலாமா என்று யோசித்தேன். பாதிப் பாட்டில் நிறுத்தினால் மூத்தவர் என்ன சொல்வார் என்றும் யோசித்தேன். அந்த யோசனைக்குள் தண்ணீர் கம்பளத்தை முழுக்க நனைத்துவிட்டது.

இடது கை கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடியே இறுகிக்கொண்டது. நான் இறுக்கவில்லை. திறக்கச் சொன்னேன், அது கேட்கவில்லை. வலது கை கம்பிகளின் மேல் ஒட்டிக்கொண்டது. தாடை பூட்டிக்கொண்டது. ஆம்ப் உறுமியது. தோள் உதறியது, கொண்டை அவிழ்ந்து மயிர் முகத்தில் விழுந்தது, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கண் மட்டும் திறந்திருந்தது, காதும் கேட்டது. சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பயத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

“அம்மாள் வந்திட்டா!” என்று ஒரு பெண் கத்தினாள்.

இவர்கள் ஊரில் அம்மாள், அதாவது அம்மன் சாமி, இறங்கினால் இப்படித்தான் ஆடுவார்களாம். உரு வருவது என்பார்கள். சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னே போய்க் கும்பிட்டார்கள். ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். என்னைப் பிடிக்க வந்த ஓர் இளைஞனை, “தொடாதையுங்கோ, தொடக் கூடாது” என்று தடுத்தார்கள். அவனாவது தப்பினான். உதவி செய்ய வேண்டியவர்கள் எல்லோரும் என் கண்ணெதிரே கைகூப்பி நின்றார்கள். எனக்கு அவர்கள் முகங்கள் தெரிந்தன. என்னை யாரும் அவ்வளவு பக்தியாகப் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தார். நனைந்த கம்பளத்துக்கு ஒரு முழம் தள்ளி முழந்தாளிட்டு விழுந்தார். அவரும் வெறுங்கால். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“தாயே, என்ரை கடைசிப் பிள்ளை இருக்கிறானோ? சொல்லம்மா. உயிரோடை இருக்கிறானோ?”

கேட்டுக்கொண்டே இரண்டு கையையும் என் பாதத்தை நோக்கி நீட்டினார். தொடாதீர்கள் என்று கத்தினேன். உள்ளுக்குள்தான் கத்தினேன். தலை இன்னும் வேகமாக ஆடியது. இன்னொரு பக்கத்தில் ஒரு பெண் வேப்பிலை மிதக்கிற மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. உரு வந்தவர் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது அவர்கள் வழக்கம். அவளுடைய கை மேலே எழுந்தது.

சமையலறை வாசலில் என் கணவர் மாவுக் கையோடு தோன்றினார். என்னைப் பார்த்தார். ஆனால் என்னிடம் ஓடி வரவில்லை. திரும்பி உள்ளே பாய்ந்தார். போகிறாரே என்று நினைத்தேன். அந்த ஒரு கணம் அவரை வெறுத்தேன்.

சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டார். ஆம்ப் செத்தது, என் கை திறந்தது, கிட்டாரோடு பக்கவாட்டில் விழுந்தேன். குடத்துத் தண்ணீர் முழுவதும் என் தலையில் கொட்டியது. மாமியின் கைகள் என் பாதத்தைப் பிடித்தன. எல்லாம் அந்த ஒரே மூச்சில். ஒரு மூச்சு முந்தியிருந்தால் நானும் இல்லை, அவரும் இருந்திருப்பாரோ என்னவோ. “கரண்ட்! கரண்டடா!” என்று என் கணவர் கத்திக்கொண்டு ஓடி வந்தது தவில் சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

இங்கே அவசர நோயாளிகளையும் ஏற்றுகிற தீயணைப்பு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இருதயத்தைக் கவனிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். என் இடது கை விரல்களில் கம்பிகள் கிடந்த இடத்தில் குறுக்காகச் சூட்டுக் கோடுகள். என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருநாளும் வெறுங்காலோடை நான் அதைத் தொடேல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அழுதார். நான் திட்டினேன், பிறகு நானும் அழுதேன். வீட்டுக்குப் போனதும் அந்த ரேடியோவைத் துண்டு துண்டாகக் கழற்றிவிட்டார். கிட்டாரை உடைக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். அது என்ன செய்தது, பாவம்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சில நாளில் மாமி வந்தார். தனியாக, எபினேயிலிருந்து, யாரையும் துணைக்குக் கேட்காமல். கதவைத் திறந்ததும் என் கன்னத்தைத் தொட்டு, “பிள்ளை” என்றார். என்னை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தார். காயம்பட்ட விரலுக்குத் தாமே மருந்து போட்டார். கடைசி மகனுக்கென்று ஒரு குளிர்ச் சட்டை வாங்கியிருப்பதாகச் சொன்னார். இங்கே வந்தால் குளிரைத் தாங்கமாட்டானாம். பார்க்கிறவர்களிடமெல்லாம், அம்மாள் தலையாட்டிச் சொல்லிவிட்டா, என் பிள்ளை இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூத்தவர் போனில் என்னைக் கிழித்தார். “நீங்கள் என்ன நடிச்சனீங்களோ தெரியாது. அந்த மனிசியை விசராக்கிப் போட்டியள்” என்றார். மாமியை நான் பைத்தியமாக்கிவிட்டேனாம். கோபத்தில் எனக்கு பிரெஞ்சுதான் வந்தது. வைத்துவிட்டேன். ஆனால் மாமிக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. என் கணவரிடம் சொன்னேன்.

“விடும். இப்பதான் நித்திரை கொள்ளுறா. அதை ஏன் கெடுக்கிறது?”

“பொய்யில தூங்குறாங்க.”

“நான் மட்டும் இவ்வளவு காலமும் என்ன சொன்னனான்? வருவான் எண்டுதானே.”

நான் வற்புறுத்தவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் ‘பிள்ளை’ என்ற சொல், தலையில் அந்தக் கை. எத்தனை வருடமாக நான் எதிர்பார்த்தது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாமி திரும்ப வந்தார். கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் தண்ணீர், உள்ளே வேப்பிலை. செருப்பை வாசலில் விட்டு வந்து, என் காலையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“பிள்ளை, அதை எடுத்து இன்னொருக்கா வாசி.”

“எதை மாமி?”

“கிட்டாரை. இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டா. எங்கை இருக்கிறான் எண்டு கேக்கேல்லை. அதை மட்டும் கேக்க வேணும்.”

உள் அறையில் என் கணவர் ஒரு மரத்துண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது. அவர் வெளியே வந்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாமி போத்தலின் மூடியைத் திறந்துவிட்டார். இன்று மழுப்பினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவார், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவார்.

“மாமி, அன்னைக்கு வந்தது அம்மாள் இல்ல. கரண்ட்.”

அவர் விளங்காதது போலப் பார்த்தார். நான் விரல்களை விரித்துக் காட்டினேன். பிளக்கைச் சொன்னேன், ரேடியோவைச் சொன்னேன், வெறுங்காலைச் சொன்னேன், தேங்காய்த் தண்ணீரைச் சொன்னேன்.

“அப்ப நீ தலையாட்டினது?”

“நான் ஆட்டல மாமி. கரண்ட் ஆட்டிச்சு.”

“நான் கேட்டது உனக்குக் கேட்டதோ?”

“கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. வாயைத் திறக்க முடியல.”

போத்தலை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திருகினார். அவர் எழுந்து போய்விடுவார், இனி என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று நினைத்தேன். கன்னத்திலிருந்த அந்தக் கை இனி இல்லை என்றும் நினைத்தேன். அவர் போகவில்லை. என் முகத்தை நேரே பார்த்தார். தெருவில் பார்த்தது போல நிமிர்ந்து இல்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிற பார்வை.

“இப்ப வாய் திறக்குதுதானே. நீ சொல்லு. அவன் இருக்கிறானோ?”

இருக்கிறான் என்று சொல்ல ஒரு நொடி போதும். இல்லை என்று சொல்ல மூத்தவர் இருந்தார். இரண்டும் என் நாக்கில் இல்லை.

“எனக்குத் தெரியாது மாமி.”

அவருடைய முகம் கோணியது. அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். என் கையைப் பிடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். காயம்பட்ட கை, வலித்தது, இழுத்துக்கொள்ளவில்லை.

“தெரியாது எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை, பிள்ளை” என்றார். “சாத்திரிக்கும் தெரிஞ்சிருக்கு. மூத்தவனுக்கும் தெரிஞ்சிருக்கு. இவனுக்கும் தெரிஞ்சிருக்கு. தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான். தனிய இருந்தனான்.”

அழத் தொடங்கினார். சத்தமாக, யாருக்காகவும் அடக்காமல். நானும் அழுதேன்.

உள்ளறைக் கதவு திறந்தது. என் கணவர் மரத்தூள் படிந்த கையோடு வாசலில் நின்றார். வழக்கமான வார்த்தைதான் வரப்போகிறது, வருவான் அம்மா என்று சொல்லிவிட்டுக் காவுக்கு இறங்கிவிடுவார் என்று பயந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கும் தெரியாதம்மா” என்றார்.

மாமி என் கையை விடாமலே சோபாவில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.